மண்ணுக்குள் புதைத்த சாடி

ஆசிரியர் அவர்களுக்கு,

திராட்சை மது என்றாலே பிரான்சைச் சுற்றிவரும் கட்டுரைகளைப் படித்துச் சலித்துவிட்டது. கருங்கடலோர நாடான ஜார்ஜியாவை ஏன் மறக்கிறோம்? அங்கே கிடைத்த 8,000 ஆண்டுப் பழைய பானை ஓடுகளில் மதுவின் எச்சம் இருப்பதாக 2017-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

1673-இல் அந்நாட்டின் இன்றைய தலைநகரான திபிலீசிக்கு வந்த பிரெஞ்சு நகை வணிகர் ஷான் ஷார்தன், இவ்வளவு நல்ல மதுவை இவ்வளவு அதிகமாகக் குடிக்கும் நாடு வேறில்லை என்று வியந்தார். சொன்னவர் பிரெஞ்சுக்காரர் என்பதைக் கவனியுங்கள்! பாரசீக மன்னரின் பந்திக்கே அந்த மது அவரது தலைநகரான இஸ்பஹானுக்குப் போனதாம்.

ஜார்ஜியர்கள் கழுத்துவரை மண்ணில் புதைத்த முட்டை வடிவச் சாடியில் திராட்சைச் சாற்றைத் தோலும் கொட்டையுமாக ஊற்றி, மூடி, மாதக்கணக்கில் நொதிக்க விடுகிறார்கள். க்வெவ்ரி எனும் அந்தச் சாடியை வனையத் தெரிந்த குயவர்கள் இன்று சிலரே. அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

வாசகர், தஞ்சாவூர்