‘சில சொட்டு’ என்றால் எத்தனை சொட்டு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் தைல பாட்டில்களோடு வரும் துண்டுச்சீட்டில் “வெந்நீரில் சில சொட்டு விட்டு ஆவி பிடிக்கவும்” என்று போட்டிருந்தோம். அந்தச் ‘சில’தான் வினையாகிவிட்டது. ஒரு வாடிக்கையாளர் யூகலிப்டஸ் தைலத்தை ஒரு மூடி நிறைய ஊற்றியிருக்கிறார். கண் எரிந்து, தொண்டை கமறி, அரை மணி நேரம் இருமி ஓய்ந்த பிறகு எங்களுக்குப் போன் செய்தார். “சளி போச்சோ இல்லையோ, உயிர் போய்த் திரும்பி வந்துச்சு” என்றார். அவர் மேல் குறையில்லை, சீட்டு எழுதிய எங்கள் மேல்தான். புதுச் சீட்டு அச்சாகிக்கொண்டிருக்கிறது. அதில் இடம் போதாததால் இந்த மடல்.

மூக்கடைப்பு என்றதும் சளி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அடைப்பது மூக்கின் உட்சுவர். ஜலதோஷத்தின்போது அங்குள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்தோல் வீங்கி, வழி குறுகிவிடுகிறது. எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு விடாததற்கு அதுதான் காரணம். பெப்பர்மின்ட் தைலத்தில் இருக்கும் மென்தால் இந்த வீக்கத்தைக் குறைப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் உண்டு. மென்தால் அதைத் தட்டி எழுப்புகிறது. குளிர்ந்த காற்று தாராளமாக உள்ளே போகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. கருவி வைத்து அளந்தால் காற்றின் அளவு முன்பிருந்ததுதான். இந்தப் புரதத்தை 2002இல் தனித்தனியே கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியன் இருவருக்கும் வெப்பம், தொடுதல் பற்றிய ஆராய்ச்சிக்காக 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

தைலம் விற்பவர்களே இப்படிச் சொல்லலாமா என்று எங்கள் கடைப் பையனே கேட்டுவிட்டான். ராத்திரி முழுக்க வாயால் மூச்சுவிட்டுப் புரண்டு படுப்பவருக்கு, மூச்சு லேசானதுபோல் தோன்றுவதே பெரிய நிம்மதி. அதைத்தான் நாங்கள் விற்கிறோம். இது தெரிந்தவர், ‘இன்னும் விடவில்லையே’ என்று மேலே மேலே ஊற்றமாட்டார்.

ஆவி பிடிப்பதென்றால் கணக்கு இதுதான்: ஒரு பாத்திரம் வெந்நீருக்கு 2 சொட்டு, மிஞ்சினால் 3. தைலம் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். சூடு பட்டதும் மொத்தமாக ஆவியாகி முகத்தில் அடிக்கும். அதனால் கொதிக்கும் பாத்திரத்தை இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு சொட்டு விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை ஒரு அடி தள்ளி வைத்து, ஐந்து நிமிடம் போதும். ஜலதோஷத்துக்கு வெந்நீர் ஆவி உதவுகிறதா என்று நடந்த சோதனைகளில் நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதோ மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விபத்து. பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆவியே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அதற்குப் பதில் எங்களுக்குப் பிடித்தது பாக்கெட் இன்ஹேலர். குழாய்க்குள் இருக்கும் பஞ்சுத் திரியில் யூகலிப்டஸ் 8 சொட்டு, பெப்பர்மின்ட் 4, லாவெண்டர் 3 விட்டு மூடிவிடுங்கள். குழாய் கிடைக்காவிட்டால் கவலையில்லை. சின்னக் கண்ணாடி பாட்டிலில் பாதிக்குக் கல்லுப்பு போட்டு, அதன்மேல் 10 சொட்டு விட்டு மூடிவைத்தாலும் அதே வேலைதான். தேவைப்படும்போது திறந்து இரண்டு மூச்சு இழுத்துவிட்டு மூடுங்கள். வெந்நீர் இல்லை, பாத்திரம் இல்லை, தோலிலும் படாது.

நெஞ்சில் தடவும் களிம்புக்குத் தேன்மெழுகு 10 கிராம், பாதாம் எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் 40 கிராம். மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து இரண்டையும் சேர்த்து உருக்குங்கள். இறக்கியவுடன் தைலத்தை ஊற்றிவிட்டால் வாசனையில் பாதி அடுக்களையிலேயே போய்விடும். ஓரம் லேசாக வெளுத்து உறையத் தொடங்கும் நேரம்தான் பதம். அப்போது 20 சொட்டு விட்டுக் கலக்கி டப்பாவில் ஊற்றுங்கள். 20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லி. 50 கிராமுக்கு அது 2 சதவீதம். பெரியவர்கள் தோலுக்கு அந்த அளவு தாராளம். உறைந்தபின் கல்லாகிவிட்டால் மறுபடி உருக்கி இன்னும் கொஞ்சம் எண்ணெய் சேர்க்கலாம். முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்கள். மூக்குத் துவாரத்துக்குள் மட்டும் தடவாதீர்கள். எண்ணெய் சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும்.

இனிச் சொல்வதில் எங்களுக்குச் சமரசம் இல்லை. இரண்டரை வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு யூகலிப்டஸ், பெப்பர்மின்ட், மென்தால், கற்பூரம் எதையும் முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். அந்த வயதில் இவற்றின் நெடியே தொண்டையை இறுக்கி மூச்சை நிறுத்தக்கூடும். கற்பூரமோ யூகலிப்டஸ் தைலமோ கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே சிறு பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். எங்கள் களிம்புக் குறிப்பில் கற்பூரம் இல்லாததற்குக் காரணம் இதுதான். பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடும் நெடியே இழுப்பைக் கிளப்பும். அவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்கினால் போதும், நாங்கள் காத்திருக்கிறோம். பூனை வளர்ப்பவர்கள் மூடிய அறையில் தைலத்தைப் பரவவிடாதீர்கள். பூனையின் ஈரலால் இவற்றை நம்மைப்போல் கழிக்க முடியாது.

குழந்தைக்கு என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்கு: மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்து. எங்களிடம் அது விற்பனைக்கு இல்லை. ஜலதோஷம் வழக்கமாக 7 முதல் 10 நாளில் தானே அடங்கும். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, தைலத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதிவையுங்கள். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான தைலம் தோலில் அரிப்பைக் கொண்டுவரும். ஓராண்டுக்கு மேல் போனதைத் தோலுக்கு எடுக்காதீர்கள்.

இனி வரும் பாட்டில்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு சொட்டாக விழும் மூடி இருக்கும். அகல வாய் பாட்டிலை ஏற்கெனவே வாங்கியிருந்தால் சொல்லுங்கள், அந்த மூடியை இலவசமாக அனுப்பிவைக்கிறோம். பழைய துண்டுச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தைலக் கடையினர்