சளிப் பரிசோதனைக்கு மூன்று நாள் ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இருமல், நெஞ்சுச்சளி, தொண்டைப்புண் ஆகியவற்றுக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த படிவத்துடன் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருவோர் பலர், இரத்தச் சர்க்கரை முடிவு அன்று மாலையே கிடைத்துவிடும்போது சளிக் 'கல்ச்சர்' (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவுக்கு மட்டும் ஏன் மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்று முகப்பில் கேட்கிறார்கள். கொடுத்த மாதிரியை நாங்கள் ஏற்காமல் வேறு மாதிரி கேட்டதில் சிலருக்கு மனவருத்தமும் உண்டு. நின்றபடி இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமல்ல என்பதால் இந்த மடலை எழுதுகிறோம்.

இரத்தத்தில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. அதை அளந்தால் போதும். சளியில் உள்ள கிருமியையோ முதலில் வளர்த்தெடுத்து, உடன் வளர்ந்த மற்றவற்றிலிருந்து பிரித்து, இன்னதென்று அடையாளம் கண்டு, அதன்பின் மருந்துகளுக்கு நடுவே மறுபடியும் வளரவிட்டுப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு வளர்ச்சிக்கும் ஒவ்வோர் இரவு தேவைப்படுகிறது. எந்த இயந்திரம் வாங்கினாலும் இந்தக் காத்திருப்பைச் சற்றுக் குறைக்கலாமே தவிர, அடியோடு நீக்கிவிட முடியாது.

மாதிரி வந்தவுடன் அதில் சீழ் கலந்த கெட்டியான பகுதியைத் தேர்ந்து கண்ணாடித் தகட்டில் பூசி, கிருமிகளை வகைபிரித்துக் காட்டும் 'கிராம்' என்னும் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறோம். 100 மடங்கு பெருக்கத்தில், ஒரு பார்வைப் பரப்புக்கு வாயின் உட்பகுதியிலிருந்து உதிரும் தட்டையான செல்கள் 10-க்குக் குறைவாகவும் வெள்ளணுக்கள் 25-க்கு மேலாகவும் இருந்தால், அது நெஞ்சிலிருந்து வந்த சளி என்று நம்பி மேற்கொண்டு செல்கிறோம். தட்டைச் செல்கள் குவிந்து கிடந்தால் அது பெரும்பாலும் எச்சில்தான். எச்சிலை வளர்த்தாலும் கிருமி வளரும், மருந்துச் சோதனையும் செய்யலாம், பார்வைக்கு நிறைவான அறிக்கையும் தரலாம். ஆனால் அது வாயில் இயல்பாகக் குடியிருக்கும் கிருமிகளைப் பற்றிய அறிக்கையாக இருக்குமே ஒழிய, நோயைப் பற்றியதாக இராது. கட்டணத்தை வாங்கிக்கொண்டு அப்படியோர் அறிக்கையை நீட்டுவதைவிட, உங்கள் கோபத்தை ஒரு நாள் தாங்கிக்கொள்வதே மேல் என்று நாங்கள் கருதுகிறோம். மறுமாதிரிக்குத் தனிக் கட்டணம் இல்லை.

ஆகவே, காலையில் எழுந்ததும், பசியாறுவதற்கு முன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு (கிருமி கொல்லும் மருந்துநீரால் அல்ல), ஆழ்ந்து மூச்சிழுத்து அடிநெஞ்சிலிருந்து இருமி வரும் சளியை நாங்கள் தரும் அகன்ற வாய்ப் போத்தலில் துப்பி மூடிக் கொண்டுவாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் எங்களை வந்தடைவது நல்லது. நிமோனியாவுக்குப் பெரிதும் காரணமான நிமோகோக்கஸ் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும் இயல்புடையது. வெயிலில் நிறுத்திய காருக்குள் போத்தல் கிடந்தால், அது மாண்டுபோய் வேண்டாத கிருமிகள் மட்டுமே மிஞ்சும். கிள்ளானிலிருந்தோ ரவாங்கிலிருந்தோ நெரிசலில் வருவோர், வெறும் போத்தலுடன் வந்து எங்களிடமே சளி எடுத்துக் கொடுக்கலாம். அதற்கெனக் காற்றோட்டமான தனி இடம் வைத்திருக்கிறோம்.

ஏற்கத்தக்க மாதிரியை, கிருமி வளர்வதற்கான ஊட்டக்கூழில் 5 விழுக்காடு ஆட்டு இரத்தம் சேர்த்த தட்டிலும், சூடாக்கிய இரத்தம் சேர்த்த பழுப்புநிறத் தட்டிலும் கீறி, கரியமில வாயு சற்றுக் கூடுதலாக உள்ள அடைகாப்புப் பெட்டியில் 35 பாகை செல்சியஸில் இரவு முழுவதும் வைக்கிறோம். பழுப்புத் தட்டு ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா என்னும் கிருமிக்காக. அதற்கு வேண்டிய இரண்டு ஊட்டப் பொருள்களும் இரத்தத்தைச் சூடாக்கும்போதுதான் முழுமையாகக் கிடைக்கின்றன. மறுநாள் காலை இரத்தத் தட்டில் நடுவில் குழிந்த சிறு புள்ளிகளும் அவற்றைச் சுற்றிப் பச்சை நிறம் படர்ந்த வளையமும் தெரிந்தால், நிமோகோக்கஸாக இருக்கலாம் என்று எண்ணி, ஆப்டோச்சின் என்னும் மருந்து தோய்ந்த காகித வில்லையை வைத்து உறுதி செய்துகொள்கிறோம். எது வளர்ந்தாலும் மருந்துச் சோதனை செய்துவிடுவதில்லை. நலமாக இருக்கும் குழந்தைகளின் மூக்கிலும் நிமோகோக்கஸ் இருப்பதுண்டு. கிருமி இருப்பது வேறு, அது நோய் உண்டாக்கியிருப்பது வேறு. 'இயல்பான தொண்டைக் கிருமிகள் மட்டும்' என்று அறிக்கை வந்தால் பணம் வீணானதாக நினைக்க வேண்டாம். தொண்டைவலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, அவற்றிடம் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலையில்லை.

மருந்துச் சோதனையின் அடிப்படை, பாவர், கிர்பி முதலிய ஆய்வாளர்கள் 1966-இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட வில்லை முறை. கிருமியைக் குறிப்பிட்ட கலங்கல் அளவுக்குக் கரைத்து, முல்லர்-ஹின்டன் என்னும் ஊட்டக்கூழ்த் தட்டு முழுவதும் சீராகத் தடவி, மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைக்கிறோம். நிமோகோக்கஸுக்கு இத்தட்டிலும் இரத்தம் சேர்க்க வேண்டும். மறுநாள் ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் கிருமி வளராத வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, சி.எல்.எஸ்.ஐ. என்னும் அமெரிக்கத் தர அமைப்பின் அட்டவணையுடன் ஒப்பிட்டு, 'எஸ்' (கட்டுப்படும்), 'ஐ' (இடைநிலை), 'ஆர்' (கட்டுப்படாது) என்று எழுதுகிறோம். வட்டம் பெரிதாக இருக்கும் மருந்தே சிறந்த மருந்து என்று பொருளல்ல. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை வேறு. அந்த அட்டவணையும் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், பழைய அறிக்கையை எடுத்து வைத்துப் புதியதுடன் வரிக்கு வரி ஒப்பிடுவது பயன் தராது.

நிமோகோக்கஸின் பெனிசிலின் சோதனையைச் சற்று விரித்துச் சொல்கிறோம், ஏனெனில் அதிகக் குழப்பம் அதில்தான். அங்கே நாங்கள் வைப்பது பெனிசிலின் இனத்தைச் சேர்ந்த ஆக்சசிலின் வில்லை. வட்டம் 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பெனிசிலினுக்குக் கட்டுப்படும் என்று உடனே சொல்லிவிடலாம். 19 அல்லது அதற்குக் குறைவென்றால் 'ஆர்' என்று எழுதிவிட முடியாது. கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவைத் தனியே காண வேண்டும். அதற்கு இன்னொரு நாள் ஆகும். அந்த அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நிமோனியா நோயாளிக்கு ஊசிவழி பெனிசிலின் கொடுப்பதாயின் அது 'எஸ்'. அதே கிருமி மூளைச்சவ்வைத் தாக்கியிருந்தால் அதே எண் 'ஆர்'. மூளைச்சவ்வுக்குள் மருந்து குறைந்த அளவே சென்று சேர்வதுதான் காரணம். அறிக்கையை மருத்துவரிடம் காட்டாமல் நீங்களே படித்து முடிவெடுக்க வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஹீமோஃபிலஸ் கிருமிக்கு விரைவான சோதனை ஒன்று உண்டு. நைட்ரோசெஃபின் தோய்ந்த மஞ்சள் வில்லையில் கிருமியைத் தடவினால், அது பீட்டா-லாக்டமேஸ் என்னும் நொதியைச் சுரப்பதாயின், சில நிமிடங்களில் வில்லை சிவந்துவிடும். அந்த நொதி ஆம்பிசிலினையும் அமாக்சிசிலினையும் சிதைத்துவிடும். மருத்துவர் சில வேளை கிளாவுலனேட் சேர்ந்த அமாக்சிசிலினுக்கு மாற்றி எழுதுவது, அந்த நொதியை முடக்குவதற்கே. விலை கூடிய மருந்தை வேண்டுமென்றே எழுதியதாக எண்ண வேண்டாம்.

மூன்றே நாள் மாத்திரை என்று பலரும் விரும்பிக் கேட்கும் அசித்ரோமைசின் உங்கள் அறிக்கையில் இல்லாமல், அதே இனத்தைச் சேர்ந்த எரித்ரோமைசின் மட்டும் இருக்கலாம். நிமோகோக்கஸைப் பொறுத்தவரை எரித்ரோமைசினுக்கு வந்த முடிவே அசித்ரோமைசினுக்கும் கிளாரித்ரோமைசினுக்கும் பொருந்தும். இவ்வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாத நிமோகோக்கஸை உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட முன்னுரிமைக் கிருமிகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தெரிந்தவருக்குக் குணமான மாத்திரை நமக்கும் கேட்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. இன்னொன்று: நாங்கள் சோதிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் அறிக்கையில் அச்சிடுவதில்லை. எளிய மருந்துக்கே கிருமி கட்டுப்படும்போது, கடைசி ஆயுதமாக வைத்திருக்க வேண்டியவற்றின் பெயர்களைக் காட்டி ஆசையூட்டுவது முறையல்ல.

மாதிரி கொடுப்பதற்கு முன் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் மிச்சமிருந்தது, ஊருக்குப் போய்வந்த உறவினர் கொண்டுவந்தது என எதுவானாலும் சரி. 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்படி இந்நாட்டில் இவை மருத்துவர் சீட்டின்றி விற்கப்படக்கூடாதவை என்பது உண்மைதான், ஆனால் உங்களை விசாரிப்பது எங்கள் வேலையல்ல. ஓரிரு மாத்திரை உள்ளே போயிருந்தாலும் கிருமி தட்டில் வளராமல் போகலாம். அந்த வெறுமையை 'நோயில்லை' என்று தவறாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே கேட்கிறோம். நீரிழிவு உள்ளவர்களும், தோட்டம், வயல் எனச் சேற்றிலும் மண்ணிலும் வேலை செய்பவர்களும் அதையும் படிவத்தில் எழுதும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் நாட்டு மண்ணில் வாழும், மெலியோய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் கிருமி நுரையீரலைத் தாக்கும்போது, அதைத் தேடுவதற்குத் தனி வளர்ப்பு ஊடகமும் (ஊட்டக்கூழும்) கூடுதல் நாள்களும் வேண்டும். வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அது கட்டுப்படாது.

காசநோய்ச் சோதனை இதிலிருந்து வேறானது. அதற்குத் தனிப் போத்தல், தனிப் படிவம். காசநோய்க் கிருமி அதற்குரிய முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதை மரபணு முறையில் இரண்டு மணி நேரத்தில் அறியலாம். திட ஊடகத்தில் வளர்த்து அறிய எட்டு வாரம் வரை ஆகலாம். மருத்துவர் இரண்டையும் எழுதியிருந்தால் ஒரே போத்தலைக் கொண்டுவந்து பங்கிடச் சொல்லாமல், இரண்டு போத்தல்களை முன்கூட்டியே எங்கள் முகப்பில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வுக்கூட நிர்வாகத்தினர்