சீட்டு இருந்தும் மாத்திரை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வலி மாத்திரையைப் போதைக்கு விற்றவர்கள் கைது, மருந்துக் கடைகளில் திடீர் சோதனை என்ற செய்திகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. சோதனை நடக்கட்டும், பள்ளிப் பிள்ளைகள் கெட்டுப்போவதை யார் பார்த்துக்கொண்டிருப்பது? ஆனால் அதன் பிறகு சுற்றுவட்டாரக் கடைகளில் என்ன நடக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

என் தங்கைக்குச் சிறு வயது முதல் வலிப்பு நோய். ஃபீனோபார்பிட்டோன், குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரைகள் இருப்பதால்தான் அவள் நிம்மதியாக வேலைக்குப் போய் வருகிறாள். பெரம்பூரில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடைக்காரர், "இந்த ரகமே இனி வைப்பதில்லை சார், கணக்குக் கேட்டுக் குடைகிறார்கள்" என்று கைவிரித்துவிட்டார். அடுத்த கடையில் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்கள். தலை நரைத்த எனக்கே இந்த மரியாதை என்றால், இளவயதுக்காரர் ஒருவர் போய்க் கேட்டால் என்ன ஆகும்? கடைசியில் புரசைவாக்கத்தில் ஆறு மாத்திரை கிடைத்தது. கத்தரித்துக் கொடுத்த துண்டில் காலாவதித் தேதி இல்லை. அது கடையிலேயே தங்கிவிட்ட பாதி அட்டையில் இருந்தது.

இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கிக் கிடந்த வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். அந்த வலிப்பு நிற்காமல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. எந்த நரம்பியல் மருத்துவரும் முதல் நாளே சொல்லி அனுப்பும் எச்சரிக்கை இது.

சட்டம் யாரையும் இப்படி விரட்டச் சொல்லவில்லை. பதற்றத்துக்கான அல்பிரசோலம், வலிக்கான டிரமடால் போன்றவை அடங்கிய எச்1 பட்டியல், அதாவது கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் விதி. விற்காதே என்று அது எங்கும் சொல்லவில்லை. ஃபீனோபார்பிட்டோனோ தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. விலைக்கும் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதில் மிஞ்சும் சொற்பக் காசுக்காக ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்று சிறு கடைக்காரர் ஒதுங்குகிறார். அவர்மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை.

அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்குமே என்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கே பதிந்து, வரிசையில் நின்று வாங்க ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மாநகராட்சி மண்டலம்தோறும் சில கடைகளிலாவது இம்மருந்துகள் இருப்பில் இருக்க ஏற்பாடு செய்து, அந்தக் கடைகளின் பட்டியலை வெளியிட வேண்டும். 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களையே இதற்குப் பயன்படுத்தலாம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் அரசுக்கு இது பெரிய காரியம் அல்ல. பதிவேட்டைப் புரட்டும் ஆய்வாளர்களும், யாருக்கு விற்றீர்கள் என்பதோடு, சீட்டோடு வந்தவரை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை-11.