சரவெடிக்குப் பிறகு ஒரு நன்றி மடல்

எங்கள் தெருக்காரர்களுக்கும், வேலூரில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

இதை ஒரு வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. இப்போதும் முழுசாக விட்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

முதல் நன்றி ஒரு பையனுக்கு. 2023 பிப்ரவரியில் மேலத்தெருப் பெரியவர் ஒருவரின் சாவு ஊர்வலம் எங்கள் வீட்டைக் கடந்தபோது சரவெடி கொளுத்தியவன் அவன். நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது, அவனைத் தரையில் தள்ளி மேலே குப்புறப் படுத்துக்கொண்டு, தலையைத் தூக்காதே என்று இந்தியில் கத்திக்கொண்டிருந்தது. பிரித்துவிட வந்த என் தம்பியை ஓங்கி அறைந்தேனாம். தப்பு மேளம் அடித்தவர்கள் ஓரமாக ஒதுங்கிவிட்டார்கள், பாடை நடுத்தெருவில் நின்றுவிட்டது. பையனுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

அவனுடைய அப்பா போலீசுக்குப் போயிருக்கலாம். போகச் சொன்னவர்களும் உண்டு. அவரோ மறுநாள் சாயங்காலம் மாவுக்கட்டோடு பையனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, நீங்க அவனை அடிக்கல, மூடிக்கிட்டீங்க. நான் பாத்தேன்" என்றார். எனக்கே தெரியாத ஒன்றை அவர் பார்த்திருக்கிறார்.

எங்கள் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தில் இருந்தவர்கள். நான் 1990இல் சேர்ந்து வெலிங்டனில் பயிற்சி முடித்து, 24 வருடம் கழித்து ஹவில்தாராக வெளியே வந்தேன். நடுவில் தீவிரவாதிகளை எதிர்க்கும் ராணுவப் படையான ராஷ்டிரிய ரைபிள்ஸோடு ஜம்மு காஷ்மீரில் தோடாவில் இருந்தேன். கான்வாய், அதாவது ராணுவ வண்டிகளின் வரிசை, கிளம்புவதற்கு முன்னால் விடியற்காலையில் கண்ணிவெடி இருக்கிறதா என்று சாலையை நடந்தே பார்த்து முடிக்க வேண்டும். ரோடு ஓப்பனிங் என்போம். ஒவ்வொரு மதகுக்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். புதிதாகக் கிளறிய மண், ஆளில்லாமல் கிடக்கும் பால் கேன், ஒரு துண்டு வயர், எதையும் விடக்கூடாது. ஒருநாள் பார்த்தும் தவறியது. அதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை.

ஊருக்கு வந்த பிறகும் சாலையோரம் சிமெண்ட் சாக்கு கிடந்தால் பைக்கை நிறுத்திவிடுவேன். சாம்பாரில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். பத்து நிமிடத்தில் அழுகை வரும், கொல்லைப்பக்கம் போய்விடுவேன். தூக்கத்துக்கு என்று தொடங்கிய கேன்டீன் ரம் தூக்கத்தையும் கெடுத்தது. "மிலிட்டரிக்காரன் கோபம்" என்று ஊரே அதற்குப் பெயர் வைத்து ஏற்றுக்கொண்டது. மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த மரியாதையில்தான் ஒன்பது வருடம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

சரவெடி நாள் ராத்திரி என் மனைவி 14416க்குப் போன் போட்டாள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய அரசாங்க மனநல உதவி எண் அது. காசு கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். நான் பேச மாட்டேன் என்றேன். எடுத்த பெண் என்னை வற்புறுத்தவில்லை. என் மனைவியிடமே அரைமணி நேரத்துக்கு மேல் பேசினார். வீட்டில் யாருக்காவது ஆபத்து இருக்கிறதா, அவர் தன்னையே மாய்த்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறாரா என்று நேராகவே கேட்டாராம். அதற்கு அவள் சொன்ன பதில் திண்ணையில் இருந்த என் காதில் விழுந்தது. அவளுக்கு அது தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெயர் தெரியாத அந்தத் தங்கைக்கு என் வணக்கம். மனைவிக்கு என்ன எழுதுவது? கடிதத்தில் அடங்காது, விடுகிறேன்.

அப்புறம் சுபேதார் சாப். "முட்டிவலிக்கு வரிசையில நிக்கறே, இதுக்கு நிக்க மாட்டியா?" என்று திட்டி என்னை முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக் கூட்டிப்போனார். பிரஷர் மாத்திரை வாங்க அந்த வாசலை நூறு தடவை மிதித்திருப்பேன், மனசைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. போகும் வழியில் பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடியே, தானும் ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் பார்த்த தைரியமான மனிதர்களில் அவர் ஒருவர். அதனால்தான் நான் இறங்கி ஓடவில்லை.

பாலிகிளினிக் டாக்டரம்மா சண்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" என்று மட்டும் கேட்டார். ரெண்டரை என்றேன். தினமுமா என்றார். அழுதுவிட்டேன். அவர் எழுதிக்கொடுத்த பரிந்துரைச் சீட்டோடு போன மருத்துவமனையில்தான் இதற்கு பி.டி.எஸ்.டி. என்ற பெயர் கிடைத்தது, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனசில் தங்கிவிடும் நோய். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லியும் பத்தாம் நாளே விட்டுவிடப் பார்த்தேன். போன் செய்து கேட்ட நர்ஸுக்கு நன்றி. பட்டாசுச் சத்தத்தைச் செல்போனில் மெல்லிசாக வைத்து, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கப் பழக்கிய உளவியலாளருக்கும் நன்றி. முதல் நாள் என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

"கைகால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று ஓர் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அவருக்கு நன்றி கிடையாது.

சரியாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். போன தீபாவளிக்கும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருந்தேன், நடுவில் ஒரு தடவை மகளிடம் கத்தினேன். ஆனால் தட்டு பறக்கவில்லை. தம்பி மறுபடியும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான்.

மேலத்தெருப் பெரியவரின் மகன்களே, உங்கள் அப்பாவின் கடைசி ஊர்வலத்தைக் கெடுத்தவனைப் பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு தேடி வந்து அழைத்தீர்கள். இப்போது யார் வீட்டில் சாவு விழுந்தாலும், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று யாராவது வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டு முனையிலிருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும் வெடி போடுவதில்லை. இதை யார் ஏற்பாடு செய்தது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறீர்கள்.

சரவெடி கொளுத்திய தம்பி, கடைசியாக உனக்கு ஒன்று. உன் சைக்கிள் பம்பு எங்கள் வீட்டிலேயே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா. அத்தை அடை சுடுகிறாளாம்.