கிழக்குக் காடு தரிசாகக் கிடக்கிறது

மாப்பிள்ளை செல்வத்துக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. உன் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைப் பாண்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

அண்ணன் விஷயமாகத்தான் எழுதுகிறேன். கிழக்குக் காட்டை இந்தப் புரட்டாசியில் அவர் உழவே இல்லை. படைப்புழு தின்பதற்கு மக்காச்சோளம் விதைத்தது போதும் என்கிறார்.

புழுவும் சீமைக்கருவையும் ஒரே கூட்டம் என்று பொங்கலுக்கு வந்தபோது அடித்துச் சொன்னாயே, இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் வேறு. கருவையை 1870களில் வெள்ளைக்காரன் விறகுக்காகக் கொண்டுவந்தான். விடுதலைக்குப் பிறகு நம் சர்க்காரும் விதை தூவியது. படைப்புழுவை யார் கூப்பிட்டார்கள்? 2018இல் கர்நாடகத்தில் கண்டார்கள், அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. தாய்ப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் கூடப் பறக்கும். ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். புழு குருத்துக்குள் இறங்கிவிட்டால் மருந்து எட்டாது. மரத்தூள் போன்ற எச்சம் மட்டும் வெளியே தெரியும்.

கருவைக்கு அவசரமே கிடையாது. ஆடு நெற்றைத் தின்று புழுக்கை போட்ட இடமெல்லாம் அதற்கு நாற்றங்கால். விதை ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும், வெட்டினாலும் தூரிலிருந்து தழைக்கும். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டு ஊரே வெட்டியதே, நம் கண்மாயை இப்போது வந்து பார்!

ஆனாலும் கருவை விறகில் கரிமூட்டம் போட்டுத்தானே உன் சித்தப்பா இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார்? புழுவால் பிழைத்தவர் என்று மருந்துக் கடைக்காரரைத் தவிர ஒருவரைக் காட்டு.

என் பயமெல்லாம் இதுதான்: தரிசான காட்டில் இப்போது ஆடு மேய்கிறது. வரப்போரம் கருவைக் கன்று முளைத்துவிட்டது. ஒன்று அண்ணனைக் காட்டைவிட்டு வெளியேற்றியது, மற்றது காலி இடத்தில் குடியேறுகிறது. இன்னும் இரண்டு மழை பெய்தால் ஜேசிபி வைத்துத்தான் பிடுங்க வேண்டும், அதற்குப் பணம் யாரிடம் இருக்கிறது?

நான் சொன்னால் கத்துகிறார். உன் பேச்சைக் கேட்பார். இந்த வாரமே கூப்பிட்டு, ஈரம் காய்வதற்குள் உளுந்து விதைக்கச் சொல். வெள்ளைச்சோளம் என்று இழுப்பார், விடாதே. அதையும் அந்தப் புழு தின்னும். உளுந்தும் கருவையும் ஒரே அவரைக் குடும்பம், அதனால் பங்காளி முறைதான், ஆனால் ஒழுங்கான பங்காளி. விதைக்கு நான் பணம் தருகிறேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
முத்து