நாக்ஸ்வில்லிலிருந்து அம்மாவுக்கு

நாக்ஸ்வில், டென்னசி
ஆகஸ்ட் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் நலமும் வீட்டில் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். சித்திரைக் கடைசியில் வந்த உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாளாக மறுமொழி எழுதாமல் இருந்தது என் தவறு; மன்னிக்க வேண்டும். மாமாவின் கண் அறுவை, செவலைப் பசு கன்று போட்டது, வாய்க்காலில் தண்ணீர் திறந்தது என்று எழுதிக்கொண்டே வந்து, நடுவில் ஒரே ஒரு வரியில், தங்கச்சிக்கு ஐந்து பவுன் போட்டுவிட்டால் போதும் என்கிறான் உன் அண்ணன், வீட்டில் பங்கு வேண்டாம் என்று அவளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கப் போகிறார்கள், நீ என்ன நினைக்கிறாய் என்று ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அண்ணன் பக்கத்தில் இருந்ததால் நீங்களும் அதைப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது எழுத வைத்தவர் மேல்வீட்டு அம்மையார்தான். ஒருமுறை காணொளியில் உங்களைப் பார்த்துக் கையசைத்தாரே, அவரேதான். ஓய்வு பெற்ற ஆசிரியை. தம் கட்சியின் தேசிய மாநாட்டுக்கு இந்த மாநிலத்தின் பிரதிநிதியாக ஒருமுறை போய் வந்தவர். நாடா வெளுத்துப்போன அந்த அடையாள அட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 18 அன்று மஞ்சள் ரோஜா ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு நகர மையத்துக்குப் போவார். எனக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்பதால் இந்த முறை நானும் கூடப் போனேன். அங்கே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. மகன் அமர்ந்திருக்க, தாய் அருகில் நிற்கிறார்.

அந்த மகனின் பெயர் ஹாரி பர்ன். இங்கிருந்து தென்மேற்கே நையோட்டா என்ற சிற்றூர்க்காரர். 1920இல் 24 வயதில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். பெண்களுக்கு வாக்குரிமை தரும், அமெரிக்க அரசியல் சட்டத்தின் 19ஆவது திருத்தத்தை அதுவரை 35 மாநிலங்கள் ஏற்றிருந்தன. இன்னும் ஒன்று தேவைப்பட்டது. அந்த ஒன்று டென்னசியாக இருக்கலாம் என்று நாடே இந்த மாநிலத் தலைநகர் நாஷ்வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆதரிப்பவர்கள் மஞ்சள் ரோஜாவும் எதிர்ப்பவர்கள் சிவப்பு ரோஜாவும் அணிந்திருந்தார்கள். ஆதரவாளர்களைச் சேர்த்துப் பிடித்து நின்றவர் மெம்பிஸ் உறுப்பினர் ஜோ ஹனோவர். போலந்திலிருந்து சிறு வயதில் இங்கு வந்து சேர்ந்தவர் என்று கேட்டதும் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18 அன்று பர்ன் சிவப்பு ரோஜாவோடுதான் வந்தார். விவாதத்தையே ஒத்திப்போடும் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். பேங்க்ஸ் டர்னர் என்ற இன்னொரு உறுப்பினர் எதிர்த்ததால் அது 48க்கு 48 என்று நின்றுபோயிற்று. அடுத்துத் திருத்தத்தின் மேலேயே வாக்கெடுப்பு வந்தது. பர்னின் சட்டைப் பையில் அவருடைய தாய் ஃபெப் எழுதிய ஏழு பக்கக் கடிதம் இருந்தது. கணவரை இழந்து பண்ணையைத் தாமே பார்த்துக்கொண்டவர் அந்தத் தாய். வீட்டுச் செய்திகளுக்கு இடையே, வாக்குரிமைக்கு ஆதரவாக வாக்களி, அவர்களைச் சந்தேகத்தில் வைக்காதே என்று எழுதியிருந்தார். நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். மகன் ‘ஆம்’ என்றார். மறுநாள், பணம் வாங்கிக்கொண்டு மாறினார் என்று பழி சொன்னவர்களுக்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, தாயின் அறிவுரையைக் கேட்பதே மகனுக்கு நல்லது என்பது.

அம்மையார் இதைச் சொல்லி முடித்தபோது உங்கள் கடிதத்தின் அந்த ஒரு வரி அப்படியே கண் முன் வந்தது. நான் விமானம் ஏறுவதற்கு அண்ணன் வாங்கிய கடன்தான் இத்தனை நாளும் என் வாயை அடைத்திருந்தது. ஆனால் தங்கச்சிக்கு உரியதை எடுத்துக் கொடுத்து என் நன்றியை நான் தீர்க்கக் கூடாது.

ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண்ணைப் பற்றியும் அம்மையார் சொன்னார். மிசிசிப்பியில் பருத்திக் காட்டை வாரத்துக்கு உழுத குடும்பத்தில் 20 பிள்ளைகளில் கடைசி. 1962இல் வாக்காளராகப் பதியப் போனதற்காகப் பண்ணையை விட்டுத் துரத்தப்பட்டார். மறு ஆண்டு சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார். 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு கூடியபோது, வெள்ளையர் மட்டுமே இருந்த மிசிசிப்பிக் குழுவுக்குப் பதிலாகத் தங்கள் குழுவை அமர்த்தும்படி, பிரதிநிதிகளின் தகுதியை முடிவுசெய்யும் குழுவின் முன் அழுத்தமாகக் கேட்டார். நேரலையில் அவர் முகம் தெரியாதிருக்க ஜனாதிபதி ஜான்சன் அந்நேரம் பார்த்துச் செய்தியாளர்களைக் கூட்டினாராம். ஆனாலும் அன்றிரவு தொலைக்காட்சிகள் அவர் பேச்சை ஒளிபரப்பின. இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள் கட்சிக்காரர்கள். இரண்டுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மறுத்துவிட்டார். 1968 சிகாகோ மாநாட்டில் பிரதிநிதியாகவே அமர்ந்தார். தங்கச்சிக்கு ஐந்து பவுன் போட்டுவிட்டால் போதும் என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அதை நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தில் நெடுநேரம் நின்றேன். இதுவும் அகன்ற ஆறுதான். ஆனால் இறங்கிக் குளிக்க ஒரு படித்துறை இல்லை. தாமிரபரணியில் முழுகிவிட்டு ஈரத் துண்டோடு வந்து உங்கள் கையால் பழையதும் சுண்டவத்தலும் சாப்பிட வேண்டும் போல இருந்தது. புழுங்கலரிசி இங்கே கொஞ்சம் விலை கூடுதல் என்பதால் இப்போது நீள அரிசிக்கே பழகிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

தங்கச்சி எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். மூன்று பேருக்கும் சம பாகம் என்பதே என் முடிவு. என் பாகத்துக்கு உங்கள் பெயரில் அதிகாரப் பத்திரம் எழுதி, அட்லாண்டா இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அடுத்த மாதத்துக்குள் அனுப்புகிறேன். அதற்குத் தாய்ப் பத்திரத்தின் நகலும் பட்டா நகலும் வேண்டும். மாமாவிடம் சொல்லி வில்லங்கச் சான்றும் எடுத்து வைக்கவும். அண்ணனுடைய கடனை நான் தனியாக அடைக்கிறேன். இந்த மாதம் மட்டும் பணம் சற்றுத் தாமதமாகும். இந்தக் கடிதத்தை அண்ணன் இருக்கும்போதே தங்கச்சியை விட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவும்.

உங்கள் அன்பு மகன்