கதையக்காவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

மறையூர் பெரியவர்களுக்கும் எங்கள் பள்ளிப் பெற்றோர்களுக்கும் நான்காம் வகுப்பு டீச்சரின் வணக்கம்.

கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் நினைவாக ஜூன் 19 வாசிப்பு தினம். அதை ஒட்டி வாரம் முழுக்க எல்லாப் பள்ளியிலும் ஏதாவது நடக்கும். எங்கள் தமிழ் எல்.பி. (தொடக்கப்) பள்ளியில் பெரும்பாலும் உறுதிமொழியும் போஸ்டருமாக முடிந்துவிடும். தமிழில் எழுதுகிற ஒருவரைப் பிள்ளைகள் நேரில் பார்த்ததே இல்லை. இந்த வருஷம் உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு சிறுவர் கதை எழுத்தாளர் வந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், பிள்ளைகள் கூப்பிட்டபடி கதையக்கா என்றே எழுதுகிறேன்.

சின்னாறு காட்டுக்குள் யானை ரோட்டில் நின்றதால் பஸ் தாமதம். செக்போஸ்டில் இறங்கியவரை ஜீப்பில் கூட்டிவந்த டிரைவர் அண்ணன் டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அண்ணனுக்கு முதல் நன்றி.

அக்கா, நீங்கள் அச்சடித்த புத்தகத்தோடு நிற்காமல் உங்கள் கையெழுத்து நோட்டையும் கொண்டுவந்தீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. முதல் பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். ஒரே வரியை மேலேயும் ஓரத்திலேயும் மாற்றி மாற்றி எழுதியிருந்தீர்கள். "இவ்வளவு அடிச்சா உங்க டீச்சர் திட்ட மாட்டாங்களா?" என்று மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டான். "திட்டினா திட்டட்டும், கதை நல்லா வரணும்ல" என்றீர்கள். அன்றைக்கு மத்தியானம் யாரும் ரப்பர் கேட்டு என்னிடம் வரவில்லை.

அப்புறம் பிள்ளைகளை வெல்ல ஆலைக்குக் கூட்டிப்போனது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த மறையூர் வெல்லம், ஊரெல்லாம் பெருமை பேசும். ஆனால் கட்டுரை எழுதச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் பார்க்காத கடற்கரையைப் பற்றித்தான் எழுதுவார்கள். நானும் அதற்கு மார்க் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் கொப்பரைப் பக்கத்தில் நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, "முதல்ல என்ன சத்தம் கேக்குது?" என்று மட்டும் கேட்டீர்கள். பாகு பொளக் பொளக் என்கிறது என்றாள் ஒருத்தி. வாயே திறக்காத பிள்ளை அது. அவள் அப்பா அங்கேதான் வெல்லம் உருட்டுகிறார். வகுப்புக்குத் திரும்பியதும் அவள் எழுதினாள்: "எங்க அப்பா கை சூடு தாங்கும். ஆனா சோறு சூடா இருந்தா ஊதித்தான் சாப்பிடுவார்." இந்த வரியை அவள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டே, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

வேலை நடக்கும் நேரத்தில் பிள்ளைகளை உள்ளே விட்டு, யாரும் அடுப்புப் பக்கம் போகாமல் கயிறு கட்டிக் காவல் நின்ற ஆலைக்காரருக்கும் தொழிலாளிகளுக்கும் நன்றி. தமிழ்க் கதைப் புத்தகங்களைத் தேடித் தூசு தட்டி, கணக்குப் பார்க்காமல் இரவல் தந்த வாசகசாலைக்காரருக்கும் நன்றி. மலையாளம் டிவிஷன் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தபோது கூடவே நின்று மலையாளத்தில் சொல்லிக்கொடுத்த டீச்சரை நான் மறக்கவே மாட்டேன். சமையல் அக்கா வழக்கமான சோறு, பயறோடு அன்றைக்குப் பாயசமும் வைத்தார். கதையக்கா பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது மறையூர் இருக்கும் தேவிகுளம் தாலுகா கேரளத்தோடு நின்றது. எங்கள் பிள்ளைகளின் தமிழ்ப் பாடநூல் கேரள அரசிடமிருந்து வருகிறது, அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் போகும் எழுத்தாளர்கள் செக்போஸ்ட் தாண்டி இந்தப் பக்கம் வருவது அபூர்வம். அதனால்தான் அக்கா வந்தது எங்களுக்கு இத்தனை பெரிய விஷயம்.

பிள்ளைகள் எழுதியதைச் சேர்த்துக் கையெழுத்துப் பத்திரிகை ஆக்கியிருக்கிறோம். அடித்தல்களை அப்படியே விட்டிருக்கிறோம். தலைமையாசிரியை அறை மேசையில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும்போது ஐந்து நிமிஷம் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போங்கள். அக்காவுக்கு ஒரு பிரதி ஜீப் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறோம்.